பைத்தான் யூனிட் டெஸ்டில் ஃபைல் சோதனைகளை மாக் செய்வது எப்படி

ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும் கோட் ஒரே ஒரு வரிதான். அதற்கு டெஸ்ட் எழுத உட்கார்ந்தால் அரை நாள் போய்விடும். மாக் (நிஜ ஃபங்ஷனுக்குப் பதிலாக நின்று, நாம் சொல்லும் பதிலைத் தரும் போலி) போட்ட பிறகும் கோட் உண்மையான டிஸ்க்கையே பார்க்கும். அல்லது உங்கள் கணினியில் பாஸ் ஆகும் டெஸ்ட், சிஐ சர்வரில் (கோட் மாறும்போதெல்லாம் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சர்வர்) விழும். இந்த இரண்டோடும் நிறையப் போராடிய பிறகுதான் இதை எழுதுகிறேன். புதிதாக டெஸ்ட் எழுதத் தொடங்குபவர்கள் கீழே உள்ள வரிசையில் போனால் அந்த நேரம் மிச்சம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் வழக்கமான எழுத்திலேயே அடியுங்கள்.

ஒரே உதாரணத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம். ‘அறிக்கை’ என்று ஒரு மாட்யூல், அதில் ‘சேமி’ என்று ஒரு ஃபங்ஷன். அது ஒரு பாதையையும் எழுத வேண்டிய உரையையும் வாங்கிக்கொள்ளும். அந்தப் பாதையில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் அதற்கு வேறு பெயர் வைத்துப் பத்திரப்படுத்தும். ஃபோல்டர் இல்லையென்றால் உருவாக்கும். அப்புறம் உரையை எழுதும். (பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை அப்படியே ஏற்கும், அதனால் இந்த இரண்டு பெயர்களும் நிஜமாகவே ஓடும்.)

1. மாக் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பலரும் தவறவிடும் படி இதுதான். ‘ஃபைல் இருக்கிறது’, ‘ஃபைல் இல்லை’, ‘ஃபைல் இருக்க வேண்டிய இடத்தில் ஃபோல்டர் இருக்கிறது’ ஆகிய மூன்று நிலைகளுக்கும் மாக் தேவையில்லை. ஒரு தற்காலிக ஃபோல்டரில் நிஜமான ஃபைலை உருவாக்கி டெஸ்ட் செய்யலாம். டெஸ்ட் ஓட்டும் கருவியான பைடெஸ்ட் பயன்படுத்தினால் ‘டிஎம்பி_பாத்’ என்ற ஃபிக்ஸ்சர் (டெஸ்டுக்குத் தேவையானதைத் தயார் செய்து தரும் வசதி) பதிப்பு 3.9 முதல் கூடவே வருகிறது. டெஸ்ட் ஃபங்ஷனின் அடைப்புக்குள் அந்தப் பெயரை எழுதினால் போதும், ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனியாகக் காலி ஃபோல்டர் கிடைக்கும். கடைசி மூன்று ஓட்டங்களின் ஃபோல்டர்களை அது இயல்பாக அழிக்காமல் வைத்திருக்கும் என்பதால், டெஸ்ட் விழுந்தால் உள்ளே போய்ப் பார்க்கலாம். பைத்தானோடு வரும் யூனிட்டெஸ்ட் மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு ‘டெம்ப்ஃபைல்.டெம்பரரிடைரக்டரி’ இருக்கிறது.

நிஜ டிஸ்க் என்றால் டெஸ்ட் மெதுவாகிவிடும் என்ற பயம் வேண்டாம். சின்ன ஃபைல் ஒன்றை உருவாக்கிப் படிக்கச் சில மில்லிநொடி போதும். நூறு டெஸ்ட் இருந்தாலும் அது பெரிய செலவு ஆகாது.

அப்படியானால் மாக் எதற்கு? டிஸ்க்கை அந்த நிலைக்குக் கொண்டுவருவது கடினமாக இருக்கும் இடங்களுக்கு: எழுத அனுமதி இல்லை, டிஸ்க் நிறைந்துவிட்டது, நெட்வொர்க் டிரைவ் நடுவில் காணாமல் போனது, இருக்கிறதா என்று பார்த்ததற்கும் திறந்ததற்கும் இடையில் வேறு யாரோ ஃபைலை அழித்துவிட்டார்கள், அல்லது கோடில் மாற்ற முடியாத ஒரு சிஸ்டம் பாதை எழுதப்பட்டிருக்கிறது.

அனுமதி விஷயத்தில் மட்டும் கவனம். ‘சிஎச்மாட்’ மூலம் ஃபோல்டரின் அனுமதியை எடுத்துவிட்டு நிஜமாகவே டெஸ்ட் செய்யலாமே என்று தோன்றும். உங்கள் லினக்ஸ் கணினியில் அது ஓடும். சிஐ சர்வரில் டாக்கர் கன்டெய்னர் பெரும்பாலும் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள) பயனராகத்தான் ஓடுகிறது, ரூட்டை அந்த அனுமதிகள் தடுப்பதில்லை. ஃபைல் எழுதப்பட்டுவிடும், பிழையை எதிர்பார்த்த டெஸ்ட் விழும். இங்கே மாக்தான் சரி.

2. தொடங்கும் முன் கையில் வைத்திருக்க வேண்டியவை

பணச் செலவு எதுவும் இல்லை. ‘யூனிட்டெஸ்ட்.மாக்’ பைத்தான் 3.3 முதல் மொழியோடு சேர்ந்தே வருகிறது. பைடெஸ்ட், அதற்கான மாக் துணைப்பொதி, பின்னால் சொல்லப்போகும் பைஃபேக்எஃப்எஸ் எல்லாமே இலவசம்.

மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, உங்கள் பைத்தான் பதிப்பும் சிஐ சர்வரின் பைத்தான் பதிப்பும். ஏன் என்று ஐந்தாவது படியில் தெரியும். இரண்டாவது, சோதிக்கப்போகும் மாட்யூலின் இம்போர்ட் வரிகள், ஒரு எழுத்து விடாமல். மூன்றாவது, அந்த ஃபங்ஷன் டிஸ்க்கைத் தொடும் இடங்களின் பட்டியல். ‘சேமி’யில் நான்கு: இருக்கிறதா என்று பார்ப்பது, பெயர் மாற்றுவது, ஃபோல்டர் உருவாக்குவது, எழுதுவது. இதில் ஒன்றை மாக் செய்து மற்ற மூன்றை மறந்தால், டெஸ்ட் ஓடும்போது உங்கள் நிஜ டிஸ்க்கில் நிஜமாகவே ஏதாவது நடக்கும்.

3. எந்தப் பெயரை பேட்ச் செய்வது

பேட்ச் என்பது, டெஸ்ட் ஓடும் நேரத்துக்கு மட்டும் ஒரு பெயரில் இருப்பதை எடுத்துவிட்டு அங்கே மாக்கை வைப்பது. சிக்கலில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. விதி ஒன்றுதான்: பேட்ச் செய்ய வேண்டியது, கோட் ஓடும்போது எந்தப் பெயரைத் தேடுகிறதோ அந்தப் பெயரை. அந்த ஃபங்ஷன் முதலில் எங்கே எழுதப்பட்டது என்பது முக்கியமில்லை.

‘அறிக்கை’ மாட்யூலின் தலைப்பில் ‘ஃப்ரம் ஓஎஸ்.பாத் இம்போர்ட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று இருந்தால், மாட்யூல் ஏறும்போதே அந்தப் பெயரின் ஒரு நகல் ‘அறிக்கை’க்குள் வந்துவிடுகிறது. டைரியிலிருந்து போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால், பிறகு டைரியில் நம்பரை மாற்றினாலும் சீட்டில் பழைய நம்பர்தானே இருக்கும்? அதேதான். ‘ஓஎஸ்.பாத்.எக்ஸிஸ்ட்ஸ்’ என்பதை பேட்ச் செய்தால் பலன் இல்லை. ‘அறிக்கை.எக்ஸிஸ்ட்ஸ்’ என்பதை பேட்ச் செய்ய வேண்டும்.

தலைப்பில் வெறும் ‘இம்போர்ட் ஓஎஸ்’ இருந்து, உள்ளே ‘ஓஎஸ்.பாத்.எக்ஸிஸ்ட்ஸ்’ என்று முழுதாக அழைத்தால், ‘ஓஎஸ்.பாத்.எக்ஸிஸ்ட்ஸ்’ஐ பேட்ச் செய்தால் வேலை செய்யும். ‘அறிக்கை.ஓஎஸ்.பாத்.எக்ஸிஸ்ட்ஸ்’ என்று எழுதினாலும் வேலை செய்யும். இரண்டாவதைப் பார்த்ததும் பலர் ‘நம் மாட்யூலுக்குள் மட்டும் மாறுகிறது’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அந்தப் புள்ளிகளின் வழியாகப் போய்ச் சேர்வது பைத்தான் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் ஒரே பாதை மாட்யூல். டெஸ்ட் ஓடும் அந்த நேரத்தில் யார் கேட்டாலும், ஸ்டாண்டர்டு லைப்ரரியே கேட்டாலும், உங்கள் பொய்ப் பதில்தான் கிடைக்கும்.

இது வெறும் கொள்கைப் பிரச்சினை இல்லை. ‘ஓஎஸ்.மேக்டிர்ஸ்’ என்ற ஃபங்ஷன் உள்ளுக்குள் ‘மேல் ஃபோல்டர் இருக்கிறதா’ என்று இதே எக்ஸிஸ்ட்ஸைத்தான் கேட்கிறது. ‘பழைய ஃபைல் இருக்கிறது’ என்று காட்ட நீங்கள் ட்ரூ கொடுத்திருந்தால், மேக்டிர்ஸும் மேல் ஃபோல்டர் இருக்கிறது என்று நம்பிவிடும். கடைசி ஃபோல்டரை மட்டும் உருவாக்கப் போய் ‘ஃபைல்நாட்ஃபவுண்ட்’ பிழையில் விழும். பிழைச் செய்தியில் உங்கள் மாக்கைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. ‘ஷட்டில்.விச்’ போன்றவையும் இதே போல மாட்டிக்கொள்ளும்.

இதற்கு நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கும் தீர்வு: உங்கள் மாட்யூலுக்குள்ளேயே ‘இருக்கிறதா’ என்று இரண்டு வரி ஃபங்ஷன் ஒன்றை எழுதுங்கள். அது எக்ஸிஸ்ட்ஸை அழைத்துப் பதிலைத் திருப்பித் தரட்டும். ‘சேமி’ அதை மட்டும் அழைக்கட்டும். டெஸ்டில் ‘அறிக்கை.இருக்கிறதா’ என்பதை பேட்ச் செய்யுங்கள். மாற்றம் உங்கள் மாட்யூலோடு நின்றுவிடும், மேக்டிர்ஸ் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்க்கும், நாளை பாத்லிப்புக்கு (பாதைகளைப் பொருள்களாகக் கையாளும் பைத்தான் மாட்யூல்) மாறினாலும் டெஸ்டைத் தொட வேண்டியிருக்காது.

இன்னொரு பொறியும் உண்டு. சிலர் சோதிக்கும் ஃபங்ஷனையே இயல்பு மதிப்புள்ள பராமீட்டராக வைத்திருப்பார்கள்: ‘சரிபார்’ என்று ஒரு பராமீட்டர், அதன் இயல்பு மதிப்பு எக்ஸிஸ்ட்ஸ். நல்ல வடிவம்தான். ஆனால் இயல்பு மதிப்பு ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போதே நிலைத்துவிடுகிறது, பிறகு செய்யும் எந்த பேட்சும் அதை எட்டாது. இப்படிப்பட்ட கோடுக்கு பேட்சே வேண்டாம். டெஸ்டில் உங்கள் பொய் ஃபங்ஷனை நேராக அந்தப் பராமீட்டருக்குக் கொடுத்துவிடுங்கள்.

பைடெஸ்டின் சொந்த பேட்ச் வசதியான ‘மங்கிபேட்ச்’ பயன்படுத்தினாலும் மேலே சொன்ன எல்லாம் அப்படியே பொருந்தும்.

4. என்ன பதில் தருவது

பேட்ச் செய்துவிட்டு ‘ரிட்டர்ன்_வேல்யூ’ (மாக் தர வேண்டிய பதில்) கொடுக்க மறந்தால் பிழை எதுவும் வராது. அதுதான் ஆபத்து. மாக் அழைக்கப்பட்டதும் இன்னொரு மேஜிக்மாக்கை (பேட்ச் இயல்பாக வைக்கும் மாக் வகை) திருப்பித் தரும், ‘இஃப்’ வரியில் அது ட்ரூ ஆகவே கணக்காகும். ‘ஃபைல் இருக்கிறது’ என்ற டெஸ்ட் தற்செயலாகப் பாஸ் ஆகிக்கொண்டே இருக்கும். எப்போதும் ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

ஃபங்ஷன் ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளைப் பார்க்கிறதா? அப்போது ஒரே பதில் போதாது. ‘சைடு_எஃபெக்ட்’டுக்கு ஒரு பட்டியல் கொடுக்கலாம்: முதல் அழைப்புக்கு ட்ரூ, அடுத்ததற்கு ஃபால்ஸ். ஆனால் இது அழைப்புகளின் வரிசையை டெஸ்டோடு கட்டிப்போடுகிறது. யாராவது கோடில் ஒரு சோதனையைக் கூடுதலாகச் சேர்த்தால் பட்டியல் தீர்ந்து ‘ஸ்டாப்இட்டரேஷன்’ பிழை வரும், காரணம் புரியாமல் தேடிக்கொண்டிருப்பீர்கள். அதைவிட, ‘சைடு_எஃபெக்ட்’டுக்கு ஒரு ஃபங்ஷனைக் கொடுங்கள். இருப்பதாகக் காட்ட வேண்டிய பாதைகளை ஒரு செட்டில் போட்டு, கேட்கப்பட்ட பாதை அதில் இருக்கிறதா என்று பதில் சொல்லட்டும். வரிசை மாறினாலும் டெஸ்ட் உடையாது.

அடுத்தது, நிஜத்தில் நடக்கவே முடியாததை மாக் செய்யாதீர்கள். ‘ஓஎஸ்.பாத்.எக்ஸிஸ்ட்ஸ்’ அனுமதி இல்லாத இடத்தில் பிழை எழுப்புவதில்லை, அமைதியாக ஃபால்ஸ் என்கிறது. இலக்கு அழிந்துபோன சிம்லிங்க்குக்கும் (வேறொரு ஃபைலைச் சுட்டும் இணைப்பு) ஃபால்ஸ்தான். அதனால் எக்ஸிஸ்ட்ஸுக்கு ‘பெர்மிஷன்எரர்’ சைடு எஃபெக்ட் கொடுத்து எழுதிய டெஸ்ட் பாஸ் ஆனாலும் அதில் பயன் இல்லை. அனுமதிப் பிழை வரும் இடம் திறக்கும்போதும் எழுதும்போதும்தான். அங்கே வையுங்கள்.

5. பாத்லிப் பயன்படுத்தும் கோட்

பாத்லிப்பில் சோதனை ஒரு மெத்தட், பாதைப் பொருளின் மேல் அழைக்கப்படுவது. உங்கள் கையில் இருக்கும் ஒரு பாதைப் பொருளின் எக்ஸிஸ்ட்ஸை மட்டும் மாற்றப் பார்த்தால் ‘படிக்க மட்டுமே’ என்று பைத்தான் மறுத்துவிடும். கிளாஸையே பேட்ச் செய்ய வேண்டும். அதாவது ‘பாத்லிப்.பாத்.எக்ஸிஸ்ட்ஸ்’.

செய்யும்போது ‘ஆட்டோஸ்பெக்’கை (மாக்கை நிஜ மெத்தடின் வடிவத்திலேயே உருவாக்கச் சொல்லும் அமைப்பு) ட்ரூ என்று கொடுங்கள். கொடுக்காவிட்டால் எந்தப் பாதைக்காக மெத்தட் அழைக்கப்பட்டது என்பது மாக்குக்குத் தெரியவே தெரியாது, எல்லாப் பாதைக்கும் ஒரே பதில்தான். கொடுத்தால் ‘செல்ஃப்’ முதல் ஆர்கியுமென்டாக வரும், நான்காவது படியில் சொன்ன செட் உத்தியை இங்கேயும் பயன்படுத்தலாம்.

பாத்லிப் கோடுக்கு ‘ஓஎஸ்.பாத்.எக்ஸிஸ்ட்ஸ்’ஐயோ ‘ஓஎஸ்.ஸ்டாட்’டையோ பேட்ச் செய்து தப்பிக்க நினைக்காதீர்கள். உள்ளே எது எதை அழைக்கிறது என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. 3.12 முதல் விண்டோஸில் ‘ஓஎஸ்.பாத்.எக்ஸிஸ்ட்ஸ்’ வேகத்துக்காக வேறு வழியில் எழுதப்பட்டிருக்கிறது. நடத்தையே மாறிய இடமும் உண்டு: பைத்தான் 3.13 வரை பாத்லிப்பின் எக்ஸிஸ்ட்ஸ் அனுமதி இல்லாதபோது பிழை எழுப்பும், 3.14 முதல் ஃபால்ஸ் தரும். இரண்டாவது படியில் பதிப்பைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

6. திறப்பதும் எழுதுவதும்

‘மாக்_ஓபன்’ என்ற உதவி ஃபங்ஷன், போலி ஃபைலை உருவாக்கித் தரும். ‘ரீட்_டேட்டா’வில் உள்ளடக்கத்தைக் கொடுக்கலாம். ‘பில்டின்ஸ்.ஓபன்’ஐ பேட்ச் செய்யாமல் ‘அறிக்கை.ஓபன்’ஐ பேட்ச் செய்யுங்கள். ‘அறிக்கை’யில் அப்படி ஒரு பெயரே இல்லையே என்று கவலை வேண்டாம், பைத்தான் 3.5 முதல் உள்ளமைந்த ஃபங்ஷன்களுக்கு அது தானாகவே பார்த்துக்கொள்கிறது. பாத்லிப்பின் ‘ரீட்_டெக்ஸ்ட்’, ‘ரைட்_டெக்ஸ்ட்’ இரண்டும் இந்த வழியாகப் போவதில்லை. அவற்றை கிளாஸின் மேலேயே பேட்ச் செய்ய வேண்டும்.

பிழைகளை எண்ணோடு எழுப்புங்கள். வெறும் ‘பெர்மிஷன்எரர்’ என்று அடைப்பு காலியாக எழுப்பினால் அதன் ‘எர்நோ’ (சிஸ்டம் தரும் பிழை எண்) காலியாக இருக்கும். உங்கள் கோட் எர்நோவைப் பார்த்து முடிவெடுத்தால் டெஸ்ட் வேறு கிளைக்குப் போய்விடும். டிஸ்க் நிறைந்ததற்கு ‘ஓஎஸ்எரர்’, அதற்குள் ‘எர்நோ.இஎன்ஓஎஸ்பிசி’. லினக்ஸில் அதன் எண் 28, ஆனால் எண்ணை நேராக எழுதாமல் பெயரையே எழுதுங்கள். இந்தப் பிழை திறக்கும்போது அனேகமாக வருவதில்லை. எழுதும்போது வரும், அல்லது பஃபர் காரணமாக மூடும்போது வரும். அதனால் சைடு எஃபெக்ட்டைப் போலி ஃபைலின் ‘ரைட்’ மீது வையுங்கள், ‘க்ளோஸ்’ஸுக்கும் தனியாக ஒரு டெஸ்ட் எழுதினால் இன்னும் நல்லது. ‘வித்’ பயன்படுத்தும் கோட் என்றால் பழைய பைத்தான் பதிப்புகளில் போலி ஃபைலின் க்ளோஸ் அழைக்கப்படாது. போலி ஃபைலின் ‘எக்ஸிட்’ மெத்தட் மீது வைக்க வேண்டும்.

தமிழில் உரை எழுதுபவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். மாக்_ஓபன் எந்த என்கோடிங்கையும் சரிபார்ப்பதில்லை. ‘என்கோடிங்’கை யூடிஎஃப்-8 என்று சொல்லாமல் ஃபைலைத் திறந்தால், பைத்தான் 3.14 வரை விண்டோஸ் தன் வட்டார என்கோடிங்கை எடுத்துக்கொள்ளும், தமிழ் எழுத்தைப் பார்த்ததும் ‘யூனிகோட்என்கோட்எரர்’ வரும். மாக் போட்ட டெஸ்ட் அங்கேயும் பச்சையாகவே இருக்கும். படிப்பதற்கென்று திறந்த ஃபைலில் எழுதினாலும் அது தடுக்காது. எனவே ‘சேமி’ தமிழ் உரையைச் சரியாக எழுதித் திரும்பப் படிக்கிறதா என்பதற்குக் குறைந்தது ஒரு டெஸ்டாவது டிஎம்பி_பாத்தில், நிஜ ஃபைலில் இருக்கட்டும். முடிந்தால் சிஐயில் விண்டோஸையும் சேர்த்து ஓட்டுங்கள்.

7. அழைக்கப்பட்டதா என்று சரிபார்த்தல்

டெக்கரேட்டராக ஒன்றுக்கு மேல் பேட்ச் போட்டால், ஃபங்ஷனுக்கு மிக அருகில், அதாவது கடைசியாக இருப்பதுதான் முதல் ஆர்கியுமென்ட். வரிசை மாறினால் பெயர் மாற்றும் மாக்கைத் திறக்கும் மாக் என்று நினைத்துச் சரிபார்த்துக்கொண்டிருப்பீர்கள். குழப்பமாக இருந்தால் ‘வித்’ வடிவத்தில் எழுதுங்கள், பெயர் பக்கத்திலேயே இருக்கும்.

‘அஸர்ட்_கால்டு_ஒன்ஸ்_வித்’ என்று முழுதாக எழுதுங்கள். ‘அஸர்ட்’டை விட்டுவிட்டு ‘கால்டு_ஒன்ஸ்’ என்று எழுதினால், பைத்தான் 3.11 வரை மாக் எதையும் சரிபார்க்காமல் பேசாமல் போய்விடும். 3.12 முதல் பிழை எழுப்புகிறது. பழைய பதிப்பில் ஓடும் புராஜெக்ட்டில் இந்த வரிகளை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

எக்ஸிஸ்ட்ஸ் எத்தனை முறை அழைக்கப்பட்டது என்று சரிபார்ப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். முக்கியமானது, பழைய ஃபைல் பத்திரமானதா, புதியது எழுதப்பட்டதா, பிழை வந்தபோது பழையது தொலையாமல் இருந்ததா என்பதுதான்.

8. மாக்குகள் மூன்றைத் தாண்டினால்

ஒரே டெஸ்டில் நான்கைந்து பேட்ச் குவிந்தால் பைஃபேக்எஃப்எஸ் பொதியைப் பாருங்கள். அது நினைவகத்துக்குள்ளேயே ஒரு முழுப் போலி ஃபைல் சிஸ்டத்தை எழுப்புகிறது. பைடெஸ்டில் ‘எஃப்எஸ்’ என்ற ஃபிக்ஸ்சரைக் கேட்டு, ‘கிரியேட்_ஃபைல்’ மூலம் வேண்டிய ஃபைல்களை வைத்தால், எக்ஸிஸ்ட்ஸ், ஓபன், மேக்டிர்ஸ், பாத்லிப் எல்லாம் ஒன்றுக்கொன்று முரண்படாமல் பதில் சொல்லும். மாற்ற முடியாத சிஸ்டம் பாதைகள் உள்ள கோடுக்கு இது நல்ல வழி.

இரண்டு வரம்புகள் உண்டு. சி மொழியில் எழுதப்பட்டு நேரடியாக டிஸ்க்கைத் தொடும் லைப்ரரிகளை இது ஏமாற்ற முடியாது, எஸ்க்யூலைட் அப்படிப்பட்டது. தவிர, ஏறியிருக்கும் மாட்யூல்களையெல்லாம் தேடிப் பேட்ச் செய்வதால் பெரிய புராஜெக்ட்டில் தொடக்க நேரம் கூடும். டெஸ்டுக்குத் தேவையான நிஜ ஃபைல்கள் இருந்தால் ‘ஆட்_ரியல்_ஃபைல்’ மூலம் உள்ளே கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் அவையும் மறைந்துவிடும்.

9. டெஸ்ட் நிஜமாகவே விழுகிறதா என்று பாருங்கள்

எல்லாம் பச்சையானதும் ‘சேமி’யில் இருக்கும் சோதனை வரியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். டெஸ்ட் விழ வேண்டும். விழவில்லை என்றால் மூன்றாவது படிக்குத் திரும்புங்கள், பேட்ச் தவறான பெயரில் இருக்கிறது, அல்லது நான்காவது படியில் சொன்னபடி பதில் தற்செயலாக ட்ரூ ஆகிறது. அப்புறம் மாக்கில் ட்ரூவை ஃபால்ஸ் ஆக்கி ஒருமுறை ஓட்டுங்கள். அப்போதும் பாஸ் ஆனால் அந்த மாக்கை யாருமே கேட்கவில்லை என்று அர்த்தம்.

இந்த வேலையோடு கோடையும் ஒருமுறை பாருங்கள். ‘இருக்கிறதா என்று பார், பிறகு திற’ என்று எழுதியிருக்கும் இடங்களில் பாதி, நேராகத் திறந்து ‘ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர்’ஐப் பிடிப்பதாக மாற்றக்கூடியவை. இடையில் ஃபைல் அழிந்துபோகும் ஆபத்தும் போகும், எக்ஸிஸ்ட்ஸை மாக் செய்யும் தேவையும் போகும். ‘சேமி’யிலும் ஃபோல்டருக்கென்று தனிச் சோதனை எழுதாமல், மேக்டிர்ஸுக்கு ‘எக்ஸிஸ்ட்_ஓகே’வை ட்ரூ என்று கொடுத்தால் போதும்.

நேரக் கணக்கு: நான்கு இடங்களில் டிஸ்க்கைத் தொடும் ஒரு ஃபங்ஷனுக்கு முதல்முறை இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் பெரும்பகுதி இரண்டாவது, மூன்றாவது படிகளுக்கே போகும். அடுத்த ஃபங்ஷனுக்கு அரை மணி நேரம் போதும், ‘இருக்கிறதா’ மாதிரியான சின்ன ஃபங்ஷன் ஏற்கெனவே மாட்யூலில் இருந்தால் அதைவிடவும் குறைவு.